77 டாலர் அபராதம்! நீதிபதிக்கு 3 ஆண்டு ஜெயில்!

வேகமாகப் போன காரை ஓட்டியது யார்? இந்தக் கேள்விக்குக் கோர்ட்டில் உண்மை சொன்னவர்கள் தப்பினார்கள். பொய் சொன்னவர்கள் கம்பி எண்ணினார்கள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம். 2006-ம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ந் தேதி.

மாஸ்மன் என்ற பகுதியில் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. வெள்ளி நிறம். விலை உயர்ந்த "லெக்சஸ்" கார்.

அந்த ரோட்டில் மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கார் 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனது.

ரோட்டோரத்தில் ஒரு காமிரா இருந்தது. அது காரைப் படம் பிடித்துவிட்டது!

கார் நம்பரை வைத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு நோட்டீசு போனது. அபராதம் 77 டாலர்.

அந்த ஊரில் 77 டாலர் பெரிய பணம் அல்ல. ஒரு குடும்பம் நல்ல ஓட்டலில் ஒரு வேளை சாப்பிட்டால் அவ்வளவு ஆகிவிடும்.

ஆனால் கார்க்காரர் பணத்தைக் கட்டவில்லை. "நான் குற்றவாளி அல்ல" என்று கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டில் ஜெயித்தும் விட்டார்!

அதற்குப் பிறகுதான் வினை வந்தது. அந்த வெற்றியே அவரை ஜெயிலுக்குக் கொண்டுபோனது. அவருக்கு 3 ஆண்டு தண்டனை கிடைத்தது.

அவர் சட்டம் தெரியாத ஆள் அல்ல. 15 ஆண்டு நீதிபதியாக இருந்தவர்! பெயர் மார்க்கஸ் ஐன்பெல்டு.

ஒரு நீதிபதி ஏன் இப்படிச் செய்தார்? அது தெரிய வேண்டுமானால், முதலில் "புள்ளி" என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

புள்ளி ஏறினால் ஆபத்து

பள்ளிக்கூடத்தில் மார்க்கு ஏறினால் சந்தோஷம். டிரைவிங் லைசென்சில் புள்ளி ஏறினால் சங்கடம்!

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1982-ம் ஆண்டில் இந்தப் புள்ளி முறை வந்தது. வேகமாகப் போய்ப் பிடிபட்டால், கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. 100 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். அதோடு லைசென்சில் 3 புள்ளி ஏறும்.

3 ஆண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் போச்சு! குறைந்தது 6 மாதத்துக்குக் காரைத் தொடக்கூடாது.

புதிதாக லைசென்சு வாங்கியவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. முதல் 2 ஆண்டுக்குள் 6 புள்ளி ஏறினாலே லைசென்சு ரத்து. மறுபடியும் முதலில் இருந்து டிரைவிங் பரீட்சை எழுதிப் பாஸ் செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி புள்ளிக் கணக்கு உண்டு.

அபராதம் என்றால் பணக்காரன் கட்டிவிட்டுப் போய்விடுவான். ஏழைதான் தவிப்பான். புள்ளி அப்படி அல்ல. கோடீசுவரனுக்கும் 3 புள்ளிதான். கூலிக்காரனுக்கும் 3 புள்ளிதான். பணம் கொடுத்து அதை அழிக்க முடியாது.

டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்சு போனால் அடுப்பு எரியாது. நோயாளிகளின் வீடு வீடாகக் காரில் போகும் நர்சுக்கு வேலை போகும். கார் இன்சூரன்சுத் தொகையும் ஏறும்.

ஆகவேதான் பலர் 100 பவுண்டுக்காக அல்ல, 3 புள்ளிக்காகக் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள். சிலர் அந்தப் புள்ளிக்கு அஞ்சிப் பொய்யும் சொல்கிறார்கள்.

சைக்கிளில் துரத்திய போலீஸ்காரர்

வேகத்துக்கு அபராதம் போடுவது நேற்று வந்த வழக்கம் அல்ல.

1896-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி. இங்கிலாந்தில் கெண்டு மாவட்டம், பேடக் வுட் என்ற ஊர். வால்ட்டர் ஆர்னால்டு என்பவர் மோட்டார் வண்டியில் போனார். ஊருக்குள் மணிக்கு 2 மைல் வேகம்தான் போகலாம் என்பது அன்றைய சட்டம். அதாவது மனிதன் நடக்கிற வேகத்தை விடக் குறைவு! வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போகவும் வேண்டும்.

ஆர்னால்டு 8 மைல் வேகத்தில் போனார். முன்னால் ஆளும் இல்லை. ஒரு போலீஸ்காரர் இதைப் பார்த்தார். சைக்கிளில் ஏறித் துரத்தினார். பிடித்தும் விட்டார்!

வேகமாகப் போனதற்கு ஆர்னால்டுக்கு விதித்த அபராதம் ஒரு ஷில்லிங். கோர்ட்டுச் செலவு தனி.

அந்தப் போலீஸ்காரர் வண்டியையும் பார்த்தார், ஓட்டியவர் முகத்தையும் பார்த்தார். ஆகவே "ஓட்டியது யார்?" என்ற கேள்விக்கே இடம் இல்லை.

பிற்காலத்தில் போலீஸ்காரர் நின்ற இடத்தில் காமிரா வந்தது. மாரிஸ் காட்சோனிடிஸ் என்ற டச்சுக்காரர் அதைச் செய்தார். அவர் ஒரு கார்ப் பந்தய வீரர். 1953-ம் ஆண்டில் புகழ்பெற்ற மான்டி கார்லோ பந்தயத்தில் ஜெயித்தவர். தான் வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளந்து பார்க்கவே அவர் கருவி செய்தார். அந்தக் கருவியின் வழியில் வந்த காமிராதான் பிறகு ஊர் உலகத்தின் வேகத்தை எல்லாம் பிடித்தது! 1992-ம் ஆண்டில் லண்டனில் உள்ள டுவிக்கன்ஹாம் பாலத்தில் இந்த காமிராவை வைத்தார்கள்.

அந்த காமிரா காரின் பின்பக்கத்தைத்தான் படம் எடுக்கும். நம்பர் தெரியும். ஓட்டியவர் முகம் தெரியாது.

ஆகவே அரசாங்கம் கார்ச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறது: "அன்று காரை ஓட்டியது யார்?"

இந்த ஒரு கேள்விதான் பல பெரிய மனிதர்களைக் குப்புறத் தள்ளியது.

எதிர்த்துப் போவது குற்றமா?

அபராதத்தை எதிர்த்து வழக்காடுவது குற்றமே அல்ல. அது குடிமகனின் உரிமை. உண்மையைச் சொல்லி, சட்டத்தைக் காட்டி ஜெயித்தவர்கள் உண்டு. இரண்டு பேர் கதையைப் பாருங்கள்.

முதல் ஆள் பின்லாந்து நாட்டுக்காரர். பெயர் அன்சி வான்யோக்கி. செல்போன் செய்யும் நோக்கியா கம்பெனியில் பெரிய அதிகாரி.

பின்லாந்தில் வேகத்துக்கு எல்லோருக்கும் ஒரே அபராதம் கிடையாது. வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுவார்கள். சம்பளம் குறைந்தவருக்குச் சிறிய தொகை. பணக்காரருக்குப் பெரிய தொகை.

2001-ம் ஆண்டில் வான்யோக்கி ஹெல்சிங்கி நகரில் மோட்டார் சைக்கிளில் போனார். 50 கிலோ மீட்டர் எல்லையில் 75 கிலோ மீட்டர் வேகம். அபராதம் எவ்வளவு தெரியுமா? 1 லட்சத்து 16 ஆயிரம் யூரோ!

அவர் "நான் வேகமாகப் போகவில்லை" என்று சொல்லவில்லை. "பழைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு என் வருமானம் குறைந்துவிட்டது. இதோ கணக்கு" என்று கோர்ட்டில் காட்டினார். கோர்ட்டு ஒப்புக்கொண்டது. அபராதத்தில் நூற்றுக்கு 95 பங்கு குறைந்தது!

இரண்டாவது ஆளை உலகத்துக்கே தெரியும். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம்.

2018-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி லண்டனில் பேடிங்டன் பகுதியில் அவர் ஒரு பென்ட்லி காரை ஓட்டிப் போனார். 40 மைல் எல்லையில் 59 மைல் வேகம். அதாவது 64 கிலோ மீட்டரில் போகவேண்டிய இடத்தில் 95 கிலோ மீட்டர்!

அந்தக் கார் அவருடைய சொந்தக் கார் அல்ல. கம்பெனி கொடுத்த இரவல் கார். ஆகவே நோட்டீசு கம்பெனிக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டப்படி, குற்றம் நடந்து 14 நாளுக்குள் நோட்டீசு காரின் சொந்தக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நோட்டீசு ஒரே ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

"ஓட்டியது நான்தான். வேகமாகப் போனதும் உண்மைதான். ஆனால் நோட்டீசு காலம் கடந்து வந்தது" என்பதுதான் பெக்காம் தரப்பு வாதம். 2018 செப்டம்பரில் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

"பெரிய மனிதர், பெரிய வக்கீல் வைத்துத் தப்பிவிட்டார்" என்று பலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்ததில் நியாயம் இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

கதை அதோடு முடியவில்லை. சில மாதத்துக்குள் பெக்காம் மறுபடியும் மாட்டினார். கார் ஓட்டும்போது செல்போனைக் கையாண்டார் என்று வழக்கு. இந்தத் தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏற்கனவே 6 புள்ளி. புதிதாக 6 புள்ளி. மொத்தம் 12. 2019 மே மாதத்தில் 6 மாதம் கார் ஓட்டத் தடை வந்தது.

தடை வந்ததே தவிர, அவர் மானம் போகவில்லை. ஜெயிலுக்கும் போகவில்லை.

செத்தவள் கார் ஓட்டினாளா?

இப்போது சிட்னிக்குத் திரும்புவோம்.

ஐன்பெல்டு சாதாரண மனிதர் அல்ல. 1986-ம் ஆண்டு முதல் 2001 வரை ஆஸ்திரேலிய மத்திய கோர்ட்டில் நீதிபதி. அந்த நாட்டு மனித உரிமைக் கமிஷனின் முதல் தலைவர். ஏழைகளுக்காகவும் அகதிகளுக்காகவும் குரல் கொடுத்தவர். "வாழும் பொக்கிஷம்" என்று நாடே பாராட்டிய சிலரில் அவரும் ஒருவர்.

2006 ஆகஸ்டு 7-ந் தேதி. சிட்னி கோர்ட்டில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எத்தனையோ சாட்சிகளுக்குச் சத்தியத்தின் அருமையை எடுத்துச் சொன்னவர், அன்று தானே சத்தியம் செய்தார்.

"அன்று காரை ஓட்டியது நான் அல்ல. என் பழைய சிநேகிதி பேராசிரியை டெரசா பிரென்னன். அமெரிக்காவில் இருந்து வந்திருந்தார். காரை அவரிடம் கொடுத்திருந்தேன். திரும்பிப் போன பிறகு அங்கே ஒரு விபத்தில் இறந்துவிட்டார்" என்று அவர் சாட்சியம் சொன்னார்.

மாஜி நீதிபதி சத்தியம் செய்து சொல்கிறார். மாஜிஸ்திரேட்டு நம்பினார். வழக்கு தள்ளுபடி!

77 டாலர் மிச்சம். புள்ளியும் ஏறவில்லை.

ஆனால் ஒரு பத்திரிகை விடவில்லை. சிட்னியில் வெளிவரும் "டெய்லி டெலிகிராப்" பத்திரிகையின் நிருபருக்கு ஒரு சந்தேகம். யார் இந்த டெரசா பிரென்னன்? தேடிப் பார்த்தார்.

டெரசா பிரென்னன் என்று ஒருவர் இருந்தது உண்மை. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் பேராசிரியையாக வேலை பார்த்தவர். விபத்தில் இறந்ததும் உண்மை.

ஆனால் அவர் இறந்தது எப்போது?

2003-ம் ஆண்டில்!

கார் வேகமாகப் போனது 2006-ம் ஆண்டில். செத்து மூன்று ஆண்டு ஆன பெண் சிட்னியில் கார் ஓட்டினாளா?

ஒரு பொய்யை மூட ஒன்பது பொய்

நிருபர் கேட்டதும் ஐன்பெல்டு திகைத்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான் சொன்னது அந்தப் பிரென்னனை அல்ல. இவர் வேறு. அதே பெயரில் இன்னொரு பெண்" என்றார். போலீசுக்குப் பக்கம் பக்கமாக வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்.

அந்த இன்னொரு பெண்ணை யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு பெண்ணே கிடையாது!

"அன்று நான் என் தாயாரின் காரை ஓட்டிப் போனேன்" என்றும் சொன்னார். போலீசார் தாயார் குடியிருந்த கட்டிடத்துக்குப் போனார்கள். அங்கே கார் நிறுத்தும் இடத்திலும் ஒரு காமிரா இருந்தது. அதில் பதிவான படங்களை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். தாயாரின் கார் வெளியே போகவே இல்லை!

ஒரு காமிரா காரைப் பிடித்தது. இன்னொரு காமிரா பொய்யைப் பிடித்தது.

2008 அக்டோபரில் ஐன்பெல்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். சத்தியம் செய்து பொய் சொன்னது ஒன்று. நீதியின் போக்கைக் கெடுக்கப் பொய் வாக்குமூலம் கொடுத்தது இன்னொன்று.

2009 மார்ச்சு 20-ந் தேதி தீர்ப்பு. 3 ஆண்டு ஜெயில். அதில் 2 ஆண்டு கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும்.

அப்போது அவருக்கு வயது 70.

சீனியர் வக்கீல் என்ற பட்டம் போயிற்று. அரசாங்கம் கொடுத்த விருது பறிபோயிற்று. வக்கீல் தொழில் செய்யவே தகுதி இல்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். 2011 மார்ச்சு மாதம்தான் வெளியே வந்தார்.

வேகமாகப் போனதற்காக அவர் ஜெயிலுக்குப் போகவில்லை. அதற்குத் தண்டனை வெறும் 77 டாலர்தான்!

மனைவி சுமந்த புள்ளி

இங்கிலாந்தில் இன்னொரு கதை. இதில் ஒரு குடும்பமே சிதறியது.

கிறிஸ் ஹியூன் என்ற அரசியல்வாதி. அவர் மனைவி விக்கி பிரைஸ், பெயர்பெற்ற பொருளாதார நிபுணர்.

2003-ம் ஆண்டு மார்ச்சு 12-ந் தேதி இரவு, எசெக்சு மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் ஹியூனின் கார் 50 மைல் எல்லையில் 69 மைல் வேகத்தில் போனது. காமிராவில் சிக்கியது.

அவர் லைசென்சில் ஏற்கனவே 9 புள்ளி இருந்தது. இன்னும் 3 ஏறினால் 12. லைசென்சு போய்விடும்.

"காரை ஓட்டியது யார்?" என்று கடிதம் வந்தது. "என் மனைவி" என்று பதில் போனது. மனைவியும் ஒப்புக்கொண்டார். கணவன் புள்ளியை மனைவி சுமந்தார்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே ஆண்டில் ஹியூன் செல்போனைப் பிடித்துக்கொண்டு கார் ஓட்டிப் பிடிபட்டார். லைசென்சு எப்படியும் போய்விட்டது! பொய் சொல்லிக் காப்பாற்றியது சில மாதம்தான்.

ஆண்டுகள் ஓடின. 2010-ல் ஹியூன் மந்திரி ஆனார். அதே ஆண்டில் அவருக்கு வேறு ஒரு பெண்ணிடம் தொடர்பு இருப்பது வெளியே வந்தது. 26 ஆண்டு தாம்பத்தியம் உடைந்தது.

மனைவியின் மனம் எரிந்தது. 2011-ல் பழைய புள்ளி விஷயத்தைப் பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். போலீஸ் விசாரணை வந்தது. 2012-ல் ஹியூன் மந்திரி பதவியை விட்டார். 2013 பிப்ரவரியில் வழக்கு தொடங்கிய அன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

விக்கி பிரைஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "கணவர் கட்டாயப்படுத்தினார். அதனால்தான் செய்தேன்" என்றார். கணவன் கட்டாயத்தால் மனைவி செய்த குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு என்று அந்த நாட்டில் அப்போது ஒரு பழைய சட்டம் இருந்தது.

முதல் தடவை ஜூரிகள் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது தடவை "குற்றவாளி" என்றார்கள். "படித்தவர், பெரிய பதவியில் இருந்தவர், தன் விருப்பப்படிதான் செய்தார்" என்பது அரசுத் தரப்பு வாதம். அதுவே நின்றது.

2013 மார்ச்சு 11-ந் தேதி இருவருக்கும் ஒரே நாளில் தீர்ப்பு. கணவனுக்கு 8 மாதம். மனைவிக்கும் 8 மாதம்! இரண்டு மாதம் போல ஜெயிலில் இருந்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். மறு ஆண்டே அந்தப் பழைய சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இதோடும் முடியவில்லை. கான்ஸ்டன்ஸ் பிரிஸ்கோ என்ற பெண் வக்கீல், விக்கி பிரைசின் சிநேகிதி. பகுதி நேர நீதிபதியாகவும் இருந்தவர். இந்த வழக்கு விசாரணையில் போலீசிடம் பொய் சொன்னார் என்று அவரும் மாட்டினார். 2014-ல் அவருக்கு 16 மாத ஜெயில்.

ஒரு கார். 3 புள்ளி. 11 ஆண்டு. மூன்று பேருக்கு ஜெயில்!

கோர்ட்டில் என்ன நடக்கும்?

லண்டனிலும் சிட்னியிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளமாகக் கார் ஓட்டுகிறார்கள். ஊரில் இருந்து தாய் தந்தையர் போய்த் தங்கி வருகிறார்கள். ஆகவே இங்கிலாந்தில் நோட்டீசு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கடிதத்தை மேசை இழாப்பில் போட்டு மறந்துவிடக் கூடாது. ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதற்கே 6 புள்ளி ஏறும். ஆயிரம் பவுண்டு வரை அபராதமும் வரும். மூன்று புள்ளிக்குப் பயந்தவர் ஆறு புள்ளியில் மாட்டுவார்!

பிறகு தேதியைப் பாருங்கள். 14 நாள் கணக்கு சரியா? ரோட்டிலேயே போலீசார் நிறுத்திச் சொல்லியிருந்தாலும், அந்த நேரத்தில் விபத்து நடந்திருந்தாலும் இந்த நோட்டீசு தேவை இல்லை. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நான் குற்றவாளி அல்ல" என்று எழுதினால் வழக்கு மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டுக்கு வரும். அங்கே ஜூரி கிடையாது. பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்ப் பெரியவர்கள்தான் மாஜிஸ்திரேட்டுகள். சில கோர்ட்டுகளில் சட்டம் படித்த ஒரே நீதிபதி இருப்பார்.

குற்றத்தை ருசுப்படுத்த வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. "காமிராப் படத்தைக் காட்டுங்கள். கருவி சரியாக வேலை செய்ததா? வேக எல்லையைக் காட்டும் பலகை சரியாக இருந்ததா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாட்சி சொல்லும் போலீஸ்காரரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

"எனக்குப் பார்க்க வேகமாகத் தெரிந்தது" என்று ஒரே ஓர் ஆள் சொன்னால் போதாது. ஒருவருடைய அபிப்பிராயத்தை மட்டும் நம்பி வேகக் குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

தோற்றால் என்ன ஆகும்? 3 முதல் 6 புள்ளி வரை ஏறலாம். அபராதம் ஆயிரம் பவுண்டு வரை போகலாம். பெரிய நெடுஞ்சாலை என்றால் 2,500 பவுண்டு வரை. கோர்ட்டுச் செலவும் உண்டு. ஆகவே 100 பவுண்டில் முடிவதா, கோர்ட்டுக்குப் போவதா என்று நிதானமாக யோசிக்க வேண்டும். வீண் வீம்புக்குப் போகக் கூடாது.

12 புள்ளி சேர்ந்து லைசென்சு போகும் நிலை வந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. "என் லைசென்சு போனால் தாங்க முடியாத கஷ்டம் வரும்" என்று கோர்ட்டில் காட்டலாம். சாதாரணக் கஷ்டம் போதாது. உதாரணமாக, நடக்க முடியாத தாயாரை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு ஆள் இல்லை என்றால் கோர்ட்டு காது கொடுத்துக் கேட்கும். அதற்கும் ருசு வேண்டும். ஒரு தடவை சொன்ன காரணத்தையே மூன்று ஆண்டுக்குள் மறு தடவை சொல்ல முடியாது.

இத்தனை கதவுகளும் உண்மை சொல்பவருக்காகத் திறந்திருக்கின்றன.

"அப்பா, உங்கள் பெயரைப் போடட்டுமா?"

மகனுக்கு ஏற்கனவே 9 புள்ளி. அப்பாவிடம் லைசென்சு இருக்கிறது. அவர் கார் ஓட்டுவதே அபூர்வம். "அப்பா, இந்த ஒரு தடவை உங்கள் பெயரைப் போடட்டுமா?" என்று மகன் கேட்கிறான்.

பாசம் உள்ள எந்த அப்பாவுக்கும் "சரி" என்று சொல்லத் தோன்றும். மகன் வேலை போகக் கூடாதே என்ற கவலை.

அங்கேதான் நிறுத்த வேண்டும்! அந்தக் கையெழுத்து அபராதச் சீட்டில் போடும் கையெழுத்து அல்ல. இருவரும் ஜெயிலுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு.

இங்கிலாந்தில் சத்தியம் செய்து பொய் சொன்னால் 7 ஆண்டு வரை ஜெயில் உண்டு. நீதியின் போக்கைக் கெடுத்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 100 பவுண்டு எங்கே, ஆயுள் தண்டனை எங்கே!

மகனிடம் சொல்ல வேண்டியது இதுதான்: "நீ ஓட்டினாய் என்றால் நீயே சொல். ஆறு மாதம் பஸ்சில் போ. ஆறு மாதம் ஓடிப்போகும்."

வேகத்தின் விலை

வேகத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று சிலர் கேட்பார்கள். 10 மைல் கூடப் போனால் என்ன குடி முழுகிவிடும்?

இங்கிலாந்தில் டிரைவர்களுக்குக் கொடுக்கும் சட்டப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 30 மைல் வேகத்தில் போகும் கார், ஆபத்தைப் பார்த்து பிரேக் போட்டு நிற்க 23 மீட்டர் தூரம் வேண்டும். 40 மைல் என்றால் 36 மீட்டர். வித்தியாசம் 13 மீட்டர்.

பந்தைப் பிடிக்க ரோட்டுக்கு ஓடி வரும் குழந்தை அந்த 13 மீட்டருக்குள் நின்றால்?

புளோரிடாப் பேராசிரியை டெரசா பிரென்னன் எப்படி இறந்தார் தெரியுமா? அவர் மேல் ஒரு கார் மோதியது. மோதிய கார் நிற்காமல் போய்விட்டது. சில வாரம் உயிருக்குப் போராடி இறந்துபோனார்.

கார் மோதி இறந்த பெண் மேல்தான், கார் வேகமாக ஓட்டிய பழியையும் போட்டார் அந்த மாஜி நீதிபதி. இறந்தவர் வந்து "நான் அல்ல" என்று சொல்ல மாட்டார் என்று நினைத்தார்.

நோட்டீசு வந்தால் பதில் எழுதுங்கள். நியாயம் இருந்தால் கோர்ட்டுக்குப் போங்கள். தேதியைக் காட்டி வாதாடுங்கள். கணக்கைக் காட்டி வாதாடுங்கள்.

ஆனால் "ஓட்டியது யார்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் ஒன்றுதான்.

ஓட்டியவர் யாரோ, அவர்தான்!